ஜோடிப் பெட்டி

மாதாப்பூரில் எங்கள் ஆபீஸ் காண்டீனில் போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாக்குவாதம். டீமுக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் ஆரம்பித்து வைத்தான். ஆண் என்பவன் இயற்கையிலேயே ஒருத்தியோடு நிற்கிறவன் இல்லையாம். சிங்கத்தைப் பாருங்கள், குரங்கைப் பாருங்கள் என்றான். எதிரே உட்கார்ந்திருந்த பெண் விடவில்லை. அன்னத்தைப் பார், கொக்கைப் பார், துணை செத்தால்கூட இன்னொன்றைத் தேடாது என்றாள். இரண்டு பேரும் போனை எடுத்து வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மிருகமாகக் காட்ட, மற்றவர்கள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். நான் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தேன்.

"கடைசியில புறாவும் வரும். அது வர்றதுக்குள்ள நான் போறேன்" என்றேன்.

எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். அவர் ஞாபகம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் ரயில்வே காலனியில் அவரை எல்லோரும் கபூத்தர் அண்ணன் என்பார்கள். எங்கள் ஊர்த் தமிழில் உருதுவும் தெலுங்கும் கலந்திருக்கும், உருதுவில் கபூத்தர் என்றால் புறா. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். எழுதினால் அவ்வளவு நல்ல மனிதரைப் பற்றி இப்படியா எழுதுவது என்று காலனியே சண்டைக்கு வரும். அவர் நல்ல மனிதர்தான். குடிக்க மாட்டார், யாரையும் கடிந்து பேச மாட்டார், யார் வீட்டில் சாவு என்றாலும் பாடை கட்ட முதல் ஆளாக நிற்பார். அதனால்தான் எனக்கு ஆத்திரம் தீரமாட்டேன் என்கிறது. கெட்டவர் என்றால் ஒரு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

எங்கள் காலனியில் பாதிக் குடும்பங்கள் குடியாத்தம், ஆம்பூர் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவை. அவர் அப்பாவும் அப்படி வந்தவர்தான். ஒர்க்‌ஷாப்பில் அண்ணனுக்குப் பெயிண்ட் பிரிவில் வேலை. என் அப்பாவுக்கு ஒரே ஷிஃப்ட்டில் கூட்டாளி. வேலை முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். வெள்ளை பனியன், கட்டம் போட்ட லுங்கி, பாக்கெட் இல்லாத பனியனுக்குள் எப்படியோ ஒரு பிடி கம்பு. மாடி முழுக்க மரக்கூண்டுகள். நீள மூங்கிலின் நுனியில் கறுப்புத் துணி கட்டி, "ஆவ்... ஆவ்..." என்று குரல் கொடுத்துப் புறாக்களை மேலே விரட்டுவார். கோடையில் நகரத்தின் பழைய ஊர்ப் பகுதியிலிருந்து சாயபுகள் வருவார்கள். யார் புறா கீழே உட்காராமல் ரொம்ப நேரம் பறக்கிறது என்று போட்டி நடக்கும். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து அப்படியே நின்றுவிட்டதோ என்னவோ, நம்மோடு பேசும்போதும் வானத்தைப் பார்த்துத்தான் பேசுவார். நம் முகத்தைப் பார்த்து அவர் பேசி நான் பார்த்ததில்லை.

புறாவின் முகத்தை மட்டும் நன்றாகப் பார்ப்பார். கையில் எடுத்துக் கட்டைவிரலால் இமையை விலக்கி, கருவிழியைச் சுற்றியிருக்கும் வளையத்தை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். அதை வைத்தே இது திரும்பி வரும், இது வராது என்று சொல்லிவிடுவார். தாய் செத்துப்போன குஞ்சுக்குக் கம்பைத் தன் வாயில் மென்று கூழாக்கி, உதட்டிலிருந்தே ஊட்டுவார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நான் அந்த மாடிக்கு ஓடுவேன். குஞ்சு அவர் உதட்டில் மூக்கை நுழைத்துத் தின்பதைப் பார்க்க அவ்வளவு ஆசை எனக்கு.

"கபூத்தருக்கு ஒரு ஜோடிதான் கண்ணு. வாழ்க்கை பூரா அதே ஜோடி. மனுஷன்தான் கெட்டுக் குட்டிச்சுவராப் பூட்டான்" என்பார்.

இதை அவர் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரிடம் சொல்லுவார், கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம் சொல்லுவார். யாராவது பெண்டாட்டியோடு சண்டை என்று வந்தால், அவரை ஒரு கூண்டுக்கு முன்னால் நிறுத்தி, "பாருப்பா, இதுங்களுக்கு என்னா படிப்பா, பணமா? எப்பிடிக் குடித்தனம் பண்ணுது பாரு" என்பார். வந்தவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். இப்படித்தான் அவர் காலனியின் பஞ்சாயத்துக்காரர் ஆனார். மாரியம்மன் கோயில் கமிட்டியில் தலைவர் என்று ஒருவர் இருந்தார். ஆனால் குடும்பத் தகராறு என்றால் எல்லோரும் மாடிப்படி ஏறினார்கள்.

அவருடைய பெரிய வெற்றி ஒன்று உண்டு. ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்த ஒருத்தரும் அவர் மனைவியும் மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அண்ணன் இரண்டு பேரையும் கோயிலில் பாத்திரம் வைக்கிற அறைக்கு வரச்சொல்லி, இரண்டு பிரியாணிப் பொட்டலத்தையும் உள்ளே வைத்து, வெளியே கொக்கி போட்டுவிட்டார். மறுநாள் காலையில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்களாம். காலனி கை தட்டியதாம். அதன் பிறகு சண்டை போடுகிற ஜோடியை இப்படிப் பூட்டி வைப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. எந்தக் கல்யாண வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்லி ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் பந்திக்குப் போவார்கள். அந்த வெல்டரின் மனைவியிடம் நான் பின்னால் கேட்டேன். "அடப்போ. உள்ள கொசு பிடுங்குது. சமாதானம் ஆயிட்டோம்னு சொன்னாத்தான் தொறப்பாருன்னு தெரியும். எங்க வூட்டுக்காரரே, சிரிச்சிக்கினே போலாம் வாம்மான்னாரு" என்றாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

அந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவர் மாடியில் ஒரு மூலையில் ஜோடிப் பெட்டி என்று ஒன்று இருந்தது. நீளமான மரப்பெட்டி, நடுவில் கம்பி வலை. ஒரு பக்கம் ஆண் புறா, மறு பக்கம் பெட்டை. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே கிடக்கும். ஆண் கழுத்தை உப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றிக் குமுறும். சில நாள் கழித்து நடுவலையை உருவிவிடுவார். பெரும்பாலும் கூடிவிடும். அப்புறம் கூண்டுக்கு மாற்றுவார், முட்டை வரும்.

ஒரு நாள் நான் போனபோது பெட்டிக்குள் ஒரு சாம்பல் நிறப் பெட்டை மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. தலையில் இறகே இல்லை. உச்சியிலிருந்து பிடரி வரை தோல் உரிந்து, சிவப்பாகத் தெரிந்தது. ஆண் புறா அதன் தலையைக் கொத்திக் கொத்தி அப்படி ஆக்கியிருந்தது. ஓடுவதற்கு உள்ளே இடமில்லை.

"அண்ணா, இதுக்கு ரத்தம் வருது" என்றேன்.

அவர் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்து எடுத்து வந்தார். பெட்டையை எடுத்து, அத்தனை பதமாகத் தடவினார். தடவும்போது அவர் கண் கலங்கியிருந்தது. தடவி முடித்து, அதே பெட்டிக்குள் அதே ஆணோடு திரும்ப வைத்துக் கொக்கி போட்டார்.

"எடுத்துடுங்கண்ணா, எந்துக்குத் திரும்ப வைக்கிறீங்க?"

"மொதல்ல கொத்தும். அப்பறம் கூடும். எடுத்துட்டா அதுக்குக் கூடறதே தெரியாமப் பூடும். பழகிடும் கண்ணு."

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. அந்தச் சாம்பல் பெட்டைக்கு ஏற்கெனவே ஜோடி இருந்தது. கறுப்பு வால் ஆண் ஒன்றோடு அது குஞ்சுகூடப் பொரித்திருந்தது. பழைய ஊர் சாயபு ஒருவரிடமிருந்து இவர் வாங்கி வந்த உயர்ந்த ரக ஆணுக்கு நல்ல பெட்டை வேண்டும் என்று அதைப் பிரித்துக் கொண்டு வந்திருந்தார். வாழ்க்கை பூரா ஒரே ஜோடி என்றீர்களே என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "பழசு கண்ணுல படாம வச்சா மறந்துடும்" என்றார். ஜோடி இருக்கும்போதே பக்கத்துக் கூண்டுப் பெட்டையிடம் போகிற ஆண்களையும் நான் அந்த மாடியிலேயே பார்த்திருக்கிறேன். கேட்டால், "அது ஆம்பளைப் புறா. சுத்திட்டு அதுங் கூட்டுக்குத்தான் வரும்" என்பார். ஆனால் ஒரு பெட்டை அப்படி வேறு ஆணோடு போனதைப் பார்த்துவிட்டால், அது இட்ட முட்டையை எடுத்துச் சாக்கடையில் வீசுவார். ஜாதி கலந்துவிடுமாம்.

இப்போது யோசித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த மனிதர் புறாவிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. தனக்குப் பிடித்ததைப் புறாவின் தலையில் ஏற்றினார், அங்கிருந்து இறக்கி எங்கள் தலையில் வைத்தார். ஒரே துணை என்றார், அந்தத் துணை யார் என்று முடிவு செய்தது அவர். பிரியவே பிரியாது என்றார், கொக்கி அவர் கையில் இருந்தது. பெட்டியைத் திறந்து வைத்தால் எத்தனை ஜோடி அதே ஜோடியாக நிற்கும் என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. காண்டீனில் சிங்கம் காட்டின பையனும் கொக்கு காட்டின பெண்ணும் இதைத்தான் செய்தார்கள். பூமியில் இத்தனை ஆயிரம் உயிர்கள் இருக்கின்றன, எந்த நியாயம் வேண்டுமென்றாலும் அதற்கு ஒரு மிருகம் கிடைக்கும்.

என் அக்காவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். பையனுக்குப் பட்டான்செருவில் மருந்துக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. பெண் பார்க்க வந்த அன்று அப்பா இவரைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். மற்றவர்கள் சம்பளம், வீடு என்று கேட்க, இவர் மாப்பிள்ளையை வெயில் படுகிற பக்கம் நகர்ந்து உட்காரச் சொல்லிக் கண்ணைப் பார்த்தார். பிறகு அப்பாவைத் தனியாக அழைத்துப் போய், "கண்ணு ஆடல. எங்க போனாலும் வூட்டுக்குத் திரும்பற ஜாதி. நம்பிக் குடு" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை, நம்பிக் கொடுத்தார்.

அந்த ஆளை மாமா என்று கூப்பிட்ட வாய் எனக்கு இப்போது கூசுகிறது. கல்யாணமாகி இரண்டாவது வருஷம் அக்கா ஒரு பையோடு வந்து நின்றாள். பட்டான்செருவில் அவனுக்கு வேறு ஒருத்தி இருந்தாள். அது மட்டும் என்றால் அக்கா பொறுத்திருப்பாளோ என்னவோ. கேட்டதற்கு அடித்திருக்கிறான். கேட்காத நாளிலும் அடித்திருக்கிறான். முதுகைத் திருப்பி அம்மாவிடம் காட்டினாள். அம்மா பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். போலீஸுக்குப் போகிறார் என்று நினைத்தேன். மாடிக்குப் போனார்.

மறுநாள் சாயங்காலம் மாடியில் பஞ்சாயத்து. அக்கா புருஷனையும் வரச்சொல்லியிருந்தார்கள். கூண்டுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணனின் மனைவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தார். எல்லோருக்கும் அவர் அண்ணிதான். அதிகம் பேச மாட்டார். அந்த மாடியைத் தினமும் எச்சம் போகத் தேய்த்துக் கழுவுகிறவர் அவர். "இருவது வருஷமா எங்க வூட்டுக்காரி தனியா ஒரு ராத்திரி வெளிய தங்கினதில்ல. அதான் ஜோடின்றது" என்று அண்ணன் அவர் முன்னாலேயே சொல்லுவார். அவர் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவார்.

அக்கா எழுந்து நின்று சொன்னாள். "அண்ணா, எனக்கு அவன் நக்கோ, வேணாம். நான் வேலைக்குப் போயிக்கிறேன். என்னை விட்டுடுங்க."

"வேற பொம்பளை இருக்குன்றியா?" என்றார் அண்ணன், வானத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஹவ், ஆமாண்ணா. அவனே ஒத்துக்கினான்."

"அது சுத்திட்டு வரும்மா. ஆம்பளை. கூடு இங்கதான?"

"அடிக்கிறான்."

"மொதல்ல அப்பிடித்தான். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாவே இல்லியே. அவன் நைட் ஷிஃப்ட், நீ பகல்ல முழிச்சிருக்கற. கூடறதுக்கு எங்க நேரம்? ஒரே எடத்துல இருந்தா எல்லாம் சரியாப் பூடும்."

நான் குறுக்கே பாய்ந்தேன். அப்போது டிகிரி இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். "எந்துக்கு சரியாப் போகும்? அவன் இவளை அடிச்சானா இல்லையான்னு அவனைக் கேளுங்க மொதல்ல" என்றேன். சின்னப் பெண்ணுக்கு என்ன இங்கே வேலை என்று அப்பா என்னைக் கீழே அனுப்பினார். படியில் இறங்கும்போது பார்த்தேன், அக்கா புருஷன் மிக்சரைக் கொறித்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த வியாழக்கிழமை குடியாத்தத்தில் சித்தப்பா பேத்திக்குக் காது குத்து. அப்பா ரயில்வே பாஸில் டிக்கெட் போட்டார். அக்கா வரவில்லை, அவள் புருஷனும் வீட்டுக்கு வருகிறான், மனம் விட்டுப் பேசிக்கொள்ளட்டும் என்றார்கள். எனக்கு அவ்வளவுதான் சொன்னார்கள். அக்கா உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள், அவளுக்கு அதுகூடச் சொல்லவில்லை. அவன் வந்ததும் எங்கள் குவார்ட்டர்ஸின் வெளிக்கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு அப்பா ஸ்டேஷனுக்கு வந்தார். நானும் அம்மாவும் முன்னாலேயே போயிருந்தோம். அம்மாவுக்குத் தெரியும். ரயிலில் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள், காலனி முழுக்கத் தெரிந்த விஷயம் எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியாது.

அவன் முதலில் அவள் போனைப் பிடுங்கினான். அதற்குப் பிறகு நடந்தவற்றை அக்கா என்னிடம் முழுதாகச் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. வேளாவேளைக்கு அண்ணன் டிபன் கேரியரைக் கொண்டுவந்து சமையலறை ஜன்னல் கம்பி வழியாகக் கொடுத்திருக்கிறார், ஒரு வேளை தவறாமல். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்களுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. பூட்டை உடைக்கலாமா என்று ஒருவர் அண்ணனிடம் போய்க் கேட்டிருக்கிறார். வேண்டாம், இப்போது பிரித்தால் எல்லாம் வீணாகிவிடும் என்று இவர் சொல்லியனுப்பியிருக்கிறார். அவரும் போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். அந்த ஆள் ரிடையர் ஆகி இன்னும் அங்கேதான் இருக்கிறார். என்னைப் பார்த்தால் நல்லாயிருக்கியாம்மா என்கிறார்.

சனிக்கிழமை காலையில் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குப் போன பிறகு, அண்ணி ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணி உள்ளே வந்து அக்காவைப் பார்த்து ஐயோ என்றுகூடச் சொல்லவில்லையாம். "செருப்பைப் போட்டுக்கோ. ஆட்டோ நிக்கவச்சிருக்கேன்" என்றாராம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, எங்களுக்குப் போன் செய்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்திருக்கிறார். யார் திறந்தது என்று அண்ணன் கேட்டபோது, "நான்தான். சத்தம் தாங்கல" என்று சொல்லியிருக்கிறார். பின்னால் ஒரு நாள் நன்றி சொல்ல நான் போயிருந்தேன். அவர் மாடியில் எச்சம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எப்பிடி அண்ணி இவர்கூட இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"கல்யாணமான புதுசுல ஒரு வாட்டி எங்கப்பன் வூட்டுக்குப் போனேன். மறுநாளே இவரு வந்து கூட்டினு வந்துட்டாரு. திரும்பப் போனேன், அப்பவும் வந்தாரு. அடிக்கலாம் மாட்டாரு, பாவம். அப்பறம் பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வாளித் தண்ணீரை ஊற்றினார்.

அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். விவாகரத்து வாங்கப் பல வருஷம் அலைந்தோம். ஒரு டயாக்னஸ்டிக் சென்டரில் ரிப்போர்ட் கொடுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். இடது காது கேட்காது. ரோட்டைத் தாண்டும்போது நான் எப்போதும் அவள் இடது பக்கம் வருவேன். அவளாக இன்னொரு கல்யாணம் செய்துகொண்டாலும் சரி, செய்துகொள்ளாவிட்டாலும் சரி, அது அவள் இஷ்டம். அதைப் பற்றி அவளிடம் பேச வருகிறவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன். இதனால் சொந்தக்காரர்கள் என்னை வாயாடி என்கிறார்கள். அப்பா தான் செய்ததைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கபூத்தர் அண்ணனோடு அவர் சிநேகமும் முறியவில்லை. எனக்கு அதுவும் ஆறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடியாத்தத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா கட்டிலில் காதில் பஞ்சு வைத்து உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கியிருந்தது. அம்மா காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அக்கா காலை இழுத்துக்கொண்டாள். அப்பா கதவோரம் நின்றார். கொஞ்ச நேரத்தில் கபூத்தர் அண்ணன் வந்தார். கையில் ஒரு பையில் சாத்துக்குடி. கண் சிவந்திருந்தது, அழுதிருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பு என்னுதுதாம்மா" என்றார்.

நான் ஒரு கணம் நம்பினேன். மனிதர் உணர்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"ஜோடி தப்பாப் போட்டுட்டேன். கண்ணு பார்த்ததுல ஏமாந்துட்டேன். ஒண்ணும் கெட்டுப்போகல, நீ கவலப்படாத. நம்ம காலனியிலயே நல்ல பையன் ஒருத்தன் இருக்கான், சாது. நானே பேசி முடிக்கிறேன்."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். அப்பா தலையை ஆட்டினார். ஆமாம் என்று தலையை ஆட்டினார்! அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அக்கா நல்ல காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அண்ணா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்க டிபன் குடுக்க வந்தப்ப நான் ஜன்னல்ல நின்னேன் இல்ல?"

"ஆமாம்மா."

"உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இன்னா சொன்னேன்?"

அவர் பையிலிருந்த சாத்துக்குடியை ஒரு தடவை தடவினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "'அண்ணா, கதவத் தொறங்க. காதுல ரத்தம் வருது. அவன் என்னைக் கொன்னுடுவான்'னு சொன்னே."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அக்கா எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள்.

"எந்தப் புறாவாச்சும் உங்ககிட்ட இப்பிடிச் சொல்லிச்சா அண்ணா?"

"அது எப்பிடிம்மா சொல்லும்? வாயில்லா ஜீவன்."

"நான் சொன்னேன் இல்ல?"

அவர் வாயைத் திறந்தார். பழகிடும் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அந்த நாற்காலியாலேயே அடித்திருப்பேன். அவர் சாத்துக்குடிப் பையைக் கட்டிலோரம் வைத்தார்.

"இவரைப் போகச் சொல்லு" என்றாள் அக்கா, அம்மாவிடம்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அண்ணனைப் பார்த்தார். பெரிய மனிதரை எப்படி எழுந்து போ என்று சொல்வது என்று அப்போதும் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டு நின்றார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்த தங்கள் மகளை அவர்கள் பார்க்கவில்லை.

நான் எழுந்து போய் கதவைத் திறந்து, அவர் வெளியே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.